நதிக்கு இந்தப் பக்கம் ஜூன்... அந்தப் பக்கம் மார்ச்!

டோக்கியோ ஸ்டேஷன்ல புல்லட் ரயில் நிற்கிற பக்கத்துக்கு யாயெசு வாசல்னு பேர். அதுல வெளியே வந்தீங்கன்னா, நேர் கிழக்கே ஒரு பெரிய ரோடு போகும். அதைப் பிடிச்சு நடங்க. யார்கிட்டயும் வழி கேட்க வேண்டாம், எங்கேயும் திரும்ப வேண்டாம். ஆபீஸ் கட்டடம், ஆபீஸ் கட்டடம், மறுபடியும் ஆபீஸ் கட்டடம். போரடிக்க ஆரம்பிக்கிற நேரத்துல ஒரு சின்ன ஆத்துப் பாலம் வரும். அதைத் தாண்டினா ஷின்காவாங்கிற ஏரியா. இன்னும் கொஞ்சம் நடந்தா, அதே ரோடு அப்படியே சுமிடா நதிக்கு மேல ஏறிடும். மொத்தமே அரை மணி நேரம்கூட ஆகாது.

இப்போ நீங்க நிற்கிற பாலத்துக்குப் பேரு சூவோ ஓஹாஷி. நடுவுல ஓங்கி நிற்கிற தூணிலேர்ந்து ரெண்டு பக்கமும் கேபிள் இழுத்துக் கட்டின பாலம். 1993-ல் திறந்தாங்க. நீளம் சுமார் 210 மீட்டர். வேடிக்கை பார்த்துக்கிட்டே நடந்தாலும் மூணு, நாலு நிமிஷத்துல அந்தக் கரை வந்துடும்.

'ஷிபுயா, அகிஹபாரானு எவ்வளவோ இருக்க, இந்தப் பாலத்துல என்ன பாஸ் இருக்கு?'னு கேட்கிறீங்களா? கைப்பிடிக் கம்பியில சாய்ஞ்சு நின்னு, போன்ல இருக்கிற ஒரு கார்ட்டூன் படத்தையும் எதிர்ல இருக்கிற நிஜ நதியையும் மாத்தி மாத்திப் பார்க்கிற ஆளுங்களை இங்கே பார்க்கலாம். அனிமே பார்த்துட்டு, அதுல வர்ற இடங்களைத் தேடிப் போறதுக்கு ஜப்பான்ல தனியா ஒரு வார்த்தையே இருக்கு... செய்ச்சி ஜுன்ரெய். அப்படின்னா புண்ணியத்தல யாத்திரை! நம்ம ஆளுங்க ஷூட்டிங் ஸ்பாட் பார்க்கப் போற மாதிரிதான். என்ன, இங்கே பக்தி கொஞ்சம் ஜாஸ்தி.

இந்தத் தலத்து நாயகன் பேரு ரே கிரியாமா. வயசு 17.

'சங்கட்சு நோ லயன்'னு ஒரு அனிமே. 'மார்ச் மாசம் சிங்கம் மாதிரி வரும், ஆட்டுக்குட்டி மாதிரி போகும்'னு வெள்ளைக்காரங்க ஊர்ல குளிர் போய் வெயில் வர்றதைப் பத்தி ஒரு பழமொழி உண்டே... அதுல முதல் பாதிதான் டைட்டில். சிக்கா உமினோங்கிறவங்க 2007-ல் மங்காவா எழுத ஆரம்பிச்சாங்க. ஷாஃப்ட் ஸ்டூடியோ அதை அனிமே ஆக்கினாங்க. 2016 அக்டோபர்லேர்ந்து 2018 மார்ச் வரைக்கும் ரெண்டு சீஸன், 44 எபிசோடு, ஜப்பானோட என்.ஹெச்.கே. சேனல்ல வந்தது. ரோபோ கிடையாது, பூதம் கிடையாது, பறந்து பறந்து அடிக்கிற ஃபைட் கிடையாது. பெரும்பாலான நேரம் ரெண்டு பேர் பாயில உட்கார்ந்து கட்டம் போட்ட பலகையைப் பார்த்துட்டு இருப்பாங்க. இல்லேன்னா யாராவது சாப்பிட்டுட்டு இருப்பாங்க. ஆனா எந்திரிக்க மனசு வராது.

கதை இதுதான். ரே சின்னப் பையனா இருந்தப்பவே அப்பா, அம்மா, தங்கச்சி மூணு பேரும் ஒரு ரோடு ஆக்ஸிடென்ட்ல போயிடுறாங்க. அப்பாவோட நண்பர் கோடாங்கிறவர், தொழில்முறை ஷோகி ஆட்டக்காரர். ஷோகின்னா ஜப்பான் செஸ். சாவு வீட்டுல நின்ன பையன்கிட்ட, 'ஷோகி பிடிக்குமா?'னு கேட்கிறார். அவன் 'பிடிக்கும்'கிறான். பச்சைப் பொய். அந்த நேரத்துல போக வேற இடமில்லாத ஒரு குழந்தை, பிழைச்சுக்கிறதுக்காகச் சொன்ன பொய். அந்தப் பொய்யைக் காப்பாத்த ராப்பகலா ஆடி ஆடி, கோடாவோட சொந்தப் பிள்ளைங்க ரெண்டு பேரையும் தாண்டிடுறான். அதுங்க ஆட்டத்தையே விட வேண்டியதாயிடுது. ஒரு வீட்டுக்குள்ள வந்து அந்த வீட்டையே உடைச்சுட்டோமேங்கிற குற்ற உணர்ச்சியில, ப்ரொஃபஷனல் ஆனதும் பெட்டியைக் கட்டிக்கிட்டுத் தனியா கிளம்பி வந்துடுறான். வந்து தங்குற ஃப்ளாட் இந்தக் கரையிலதான். கையில சம்பாத்தியம் இருக்கு, திறமை இருக்கு, நதியைப் பார்த்த ரூம் இருக்கு. ரூம்ல சாமான்னு ஒண்ணும் இல்லை. ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட இல்லை. 'சாப்பிட்டியா?'னு கேட்க ஒரு ஆள் இல்லை.

கதைக்காக ஊர்ப் பேரை மட்டும் மாத்திட்டாங்க. ஷின்காவாவுக்கு ரொக்குகட்சு-சோ, அதாவது ஜூன் மாத ஊர். நதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுகுடா, சுகிஷிமா பகுதிக்கு சங்கட்சு-சோ, மார்ச் மாத ஊர். ஜூன் ஜப்பான்ல விடாம மழை பெய்யற மாசம். மார்ச்ல குளிர் விட்டு, கடைசி வாரத்துல செர்ரி பூக்கும். தனியா இருக்கிறவனை எந்த ஊர்ல வெச்சிருக்காங்க பாருங்க!

முதல் எபிசோடுல ரொம்ப நேரம் வசனமே இருக்காது. ரே எந்திரிப்பான், தண்ணி குடிப்பான், இந்தப் பாலம் வழியா நடப்பான், ரயில் ஏறுவான், ஆடுவான், ஜெயிப்பான். யாரை ஜெயிக்கிறான்? தன்னை வளர்த்த கோடாவை. திரும்பி வந்து சுருண்டு படுத்தா போன்ல ஒரு மெசேஜ். ராத்திரி சாப்பாட்டுக்கு வரச் சொல்லி அக்கரையிலேர்ந்து. அந்த வீட்டுக் கதவு திறக்கிற வரைக்கும் படம் முழுக்க நீலமும் சாம்பலுமா இருந்த மாதிரி தோணும். திறந்ததும் மஞ்சள் வெளிச்சம், ஆவி பறக்கிற கறி சாதம், கத்துற பூனைங்க, காலைக் கட்டிக்கிற ஒரு குட்டிப் பொண்ணு.

அந்த வீட்டுல கவாமோட்டோ சகோதரிகள் மூணு பேர். பெரியவ அகாரி, நடுவுல மிடில் ஸ்கூல் படிக்கிற ஹினாட்டா, கடைக்குட்டி மோமோ. பக்கத்திலேயே இவங்க தாத்தா வெச்சிருக்கிற ஜப்பானியப் பலகாரக் கடை. அகாரிக்கு ஒரு வீக்னெஸ்... எலும்பும் தோலுமா எதைப் பார்த்தாலும் தூக்கிட்டு வந்து சோறு போட்டுக் கொழுக்க வைக்கணும். அப்படி வந்ததுதான் அந்தப் பூனைங்க. ரேயும் அந்தக் கணக்குலதான்! சீனியருங்க வற்புறுத்திக் குடிக்க வெச்சுட்டு ரோட்டுலயே விட்டுட்டுப் போனப்ப, சுருண்டு கிடந்தவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது அகாரிதான்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. அழகான அக்கா, தங்கச்சி இருக்கிற வீட்டுக்கு ஒரு பையன் போறான்னதும் லவ் ஸ்டோரின்னு நம்ம மூளை கணக்குப் போட்டுடும். இங்கே அது இல்லை. ரே அந்த வீட்டுக்குள்ள வர்றதே சோத்துக்காக. சோறு போடுறதுக்கு அவங்க காரணம் எதுவும் கேட்கலை. அவ்வளவுதான் ஆரம்பம்.

சரி, பாலத்தைத் தாண்டுவோம். இறங்கினதும் வானத்தைத் தொடுற ஃப்ளாட்டுங்க வரிசையா நிற்கும். ரிவர் சிட்டி 21-ன்னு பேரு. முன்னாடி இங்கே ஒரு கப்பல் கட்டுற தளம் இருந்தது. 1853-ல் ஆரம்பிச்சது. அது போன பிறகு 1980-களோட கடைசியிலேர்ந்து ஒவ்வொண்ணா எழும்பின டவர்கள். நதியோரப் பூங்காவுல ஒரு குட்டி கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பீங்க. 1866-ல் இங்கே இருந்த விளக்கோட ஞாபகார்த்தம். பயபக்தியோட கிட்டப் போய்ப் பார்த்தா, அடியில பப்ளிக் டாய்லெட்! ஜப்பான்காரங்க எதையும் வீணாக்க மாட்டாங்க.

ஆனா அந்த இடத்துக்கு இன்னொரு பழைய கதை உண்டு. 1790-ல் ஷோகுன் அரசாங்கம் இந்தத் தீவுல ஒரு முகாம் வெச்சது. வீடு வாசல் இல்லாம எடோ நகரத்துல சுத்திட்டு இருந்தவங்க, சில்லறைக் குற்றம் பண்ணினவங்க எல்லாரையும் கொண்டுவந்து, அடைச்சு வெச்சு, கைத்தொழில் கத்துக்கொடுத்து வெளியே அனுப்பினாங்க. அந்தக் கலங்கரை விளக்கத்தைக் கட்டினதுகூட அந்த முகாம் ஆளுங்கதான். கதாசிரியர் இதை நினைச்சுத்தான் இந்த ஊரைப் பிடிச்சாரான்னெல்லாம் நான் இழுக்கப் போறதில்லை. ஆனா போக்கிடம் இல்லாத ஒருத்தன் வந்து சேர்றதுக்கு இந்த மண் புதுசு இல்லை.

வலது கைப்பக்கமா நதியை ஒட்டியே நடந்தா டவர்கள் சட்டுனு முடிஞ்சு, ரெண்டு மாடி மர வீடுங்க ஆரம்பிக்கும். இதுதான் பழைய சுகுடா. டோக்குகாவா இயெயாசு காலத்துல ஒசாகா பக்கத்துலேர்ந்து முப்பத்துச் சொச்சம் மீனவங்க இங்கே வந்தாங்க. நதி முகத்துல இருந்த மணல் திட்டை மேடாக்கி வீடு கட்டிக்கிட்டு, அதுக்குத் தங்களோட பழைய ஊர்ப் பேரையே வெச்சாங்க. ஊர்லேர்ந்து சாமியையும் கூட்டிட்டு வந்தாங்க. 1646-ல் வந்த சுமியோஷி கோயில் இன்னும் இருக்கு. கடலுக்குப் போறவங்களைக் காப்பாத்துற சாமி.

1964 வரைக்கும் இந்தப் பக்கத்துலேர்ந்து நகரத்துக்குப் போக ஒரு பரிசல் துறை இருந்தது. முந்நூறு வருஷத்துக்கும் மேல ஓடினது, அந்த வருஷம் ஆகஸ்ட்ல சுகுடா பெரிய பாலம் திறந்ததும் நின்னு போச்சு. அக்டோபர்ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ். துறை இருந்த இடத்துல இப்போ ஒரு கல் மட்டும் நிற்குது. ரே நடக்கிற சூவோ ஓஹாஷி வந்ததெல்லாம் இதுக்கப்புறம் முப்பது வருஷம் கழிச்சு.

கோயிலுக்குப் பக்கத்துல ஒரு சின்ன வாய்க்கால். அதுல நாலைஞ்சு படகுங்க கட்டிக் கிடக்கும். மேலே சிவப்புக் கைப்பிடி வெச்ச குட்டிப் பாலம், சுகுடா கோபாஷி. முன்னாடி மர வீடு, பின்னாடி டவர். அனிமே பார்த்திருந்தீங்கன்னா இந்த இடத்துல உங்க காலு தானா நின்னுடும். அகாரி வீடு இதோ இந்தச் சந்துக்குள்ளதான் இருக்கணும்னு தோணும். தேடாதீங்க. வீடு கற்பனை. சந்துங்க மட்டும் நிஜம். அதுல ஒண்ணு, ஒரு ஆள் ஒருக்களிச்சுப் போற அகலம்தான். உள்ளே போனா ஒரு ஜிஸோ சாமியும், கூரையைப் பொத்துக்கிட்டு மேலே போற ஒரு கிங்கோ மரமும். இருக்கிறது குடியிருப்புங்க, சத்தம் போடாம போயிட்டு வாங்க.

ரே வேலைக்குப் போற இடத்தையும் ஒரு எட்டு பார்த்துடலாம். அதுக்கு ரயில் பிடிச்சு நகரத்துக்கு மேற்கே செண்டகாயா போகணும். ஷோகி சங்கத்தோட தலைமையிடம் அங்கேதான். 1976-லேர்ந்து இருந்த பழைய கட்டடம்தான் அனிமேல வர்றது. 2024-ல் சங்கம் ஸ்டேஷன் பக்கத்துல புதுக் கட்டடத்துக்கு மாறிடுச்சு. அதனால கையில ஸ்க்ரீன்ஷாட் வெச்சுக்கிட்டுப் போறவங்க பழைய இடத்தைத்தான் தேடணும். அடையாளம் சுலபம்... பக்கத்துலயே ஹட்டோனோமோரி கோயில், அதுக்குள்ள ஒரு ராட்சச ஷோகி காயை வெச்சுக் கும்பிடுற சின்ன மண்டபம்.

ஷோகியும் நம்ம சதுரங்க வம்சம்தான். 81 கட்டம், ஆளுக்கு 20 காய். செஸ்ல இல்லாத ஒரு விதி இதுல உண்டு. வெட்டுப்பட்ட காய் செத்துப் போறதில்லை. வெட்டினவன் அதைத் தன் காயா திரும்பப் பலகையில இறக்கலாம். அதனால கடைசி வரைக்கும் பலகை காலியாகவே ஆகாது. ஆனா ஆடுறவங்களுக்கு அந்தக் கருணை கிடையாது. ப்ரொஃபஷனல் ஆகணும்னா பயிற்சிச் சங்கத்துல படிப்படியா ஏறி நாலாம் டான் எடுக்கணும். 26 வயசுக்குள்ள எடுக்கலைன்னா, சில விதிவிலக்குங்க தவிர, வெளியே போக வேண்டியதுதான். கோடாவோட பிள்ளைங்க ஏன் ரேயைப் பார்த்துக் குமுறுறாங்கன்னு இப்போ புரியுதா?

ஒரு சுவாரஸ்யம். மிடில் ஸ்கூல் படிக்கும்போதே ப்ரொஃபஷனல் ஆன அஞ்சாவது ஆள் ரே அப்படிங்கிறது கதை. 2007-ல் கதை ஆரம்பிச்சப்ப நிஜத்துல அப்படி நாலு பேர்தான் இருந்தாங்க. அஞ்சாவது ஆள் கற்பனையில மட்டும்தான். 2016 அக்டோபர் 1-ம் தேதி சோட்டா ஃபுஜிங்கிற 14 வயசுப் பையன் நிஜமாவே அஞ்சாவது ஆளா வந்து நின்னான். சரியா ஒரு வாரம் கழிச்சு, அக்டோபர் 8-ம் தேதி, அனிமேவோட முதல் எபிசோடு! அந்தப் பையன் 2023-ல் எட்டு பட்டத்தையும் ஒரே நேரத்துல கையில வெச்சிருந்தது தனிக் கதை.

மறுபடி நம்ம நதிக்கு வருவோம். ஜப்பான்ல தனிமைங்கிறது அரசாங்கமே கவலைப்படுற சமாச்சாரம். 2021-ல் அதுக்குன்னு தனியா ஒரு அமைச்சரை நியமிச்சாங்க. 2023-ல் வெளியான சர்வேபடி, 15-லேர்ந்து 64 வயசுக்குள்ள சுமார் 14.6 லட்சம் பேர் வெளி உலகத்தோட கிட்டத்தட்ட தொடர்பே இல்லாம வாழறாங்கன்னு மதிப்பிட்டிருக்காங்க. ஆனா ரே அந்த லிஸ்ட்ல வர மாட்டான். அவன் தினமும் வெளியே போறான், ஸ்கூலுக்குப் போறான், ஜெயிக்கிறான், சம்பாதிக்கிறான். கேட்டா 'நல்லா இருக்கேன்'னுதான் சொல்வான். மதிய சாப்பாட்டை மட்டும் ஒதுக்குப்புறமா தனியா உட்கார்ந்து முடிச்சுடுவான். கப் நூடுல்ஸைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல உட்கார்ற ஹயாஷிடா சார் ஒருத்தர் கண்ணுல மட்டும்தான் அது படுது. உங்க ஹாஸ்டல்ல இப்படி ஒரு ஆள் இருப்பான். ஒருவேளை அது நீங்களாகவும் இருக்கலாம்.

இன்னொண்ணு... சோறு கிடைச்சாச்சு, வீடு கிடைச்சாச்சு, இனி சுபம்னு கதை விட்டுடலை. கூப்பிட்டும் ரே பல நாள் போக மாட்டான். சுமையா இருந்துடுவோமோன்னு பயம். அந்த வீட்டுக் கதகதப்புல உட்கார்ந்துட்டுத் திரும்பி வந்து இருட்டு ரூமைத் திறக்கிற நிமிஷம் அதைவிடப் பயம். வருஷக் கடைசியில காய்ச்சல்ல தனியா விழுந்து கிடக்கிறப்ப, அவங்களே பாலம் தாண்டி வந்து அள்ளிக்கிட்டுப் போவாங்க. மூணு நிமிஷப் பாலம்தான். ஆனா அதை ஒரே தடவையில தாண்ட முடியறதில்லைங்கிறதுதான் மொத்தத் தொடரும். எனக்கு இதுல பிடிச்சதே அந்த நிதானம்தான். ரெண்டு டூயட்ல ஹீரோ மாறிடுறதைப் பார்த்துப் பழகின நமக்கு முதல் அஞ்சு எபிசோடு கொஞ்சம் இழுவையாத் தெரியலாம். பொறுத்துக்குங்க.

சீக்கிரமே இன்னொண்ணும் ரேக்குத் தெரிய வரும். அக்கரை வீட்டுக்காரங்களும் குறைஞ்சு போனவங்கதான். அம்மாவும் பாட்டியும் இல்லை, அப்பா விட்டுட்டுப் போயிட்டார். முன்னோர்களை வழியனுப்புற ஓபோன் நாள்ல வாசல்ல தீ மூட்டிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து வெளியே போய், யாருக்கும் தெரியாம அழுவா ஹினா. கலகலன்னு இருக்கிற வீட்டுல எல்லாரும் அழுகையை ஒளிச்சு வெச்சுக்கிட்டுத்தான் சோறு பரிமாறுறாங்கன்னு அன்னிக்குத்தான் அவன் பார்க்கிறான்.

ரெண்டாவது சீஸன்ல திசை மாறுது. கிளாஸ்ல ஒரு பொண்ணைக் கூட்டமா சேர்ந்து ஒதுக்குறப்ப, ஹினா மட்டும் அவ பக்கம் நிற்கிறா. அந்தப் பொண்ணு ஸ்கூலை விட்டே போனதும், அடுத்த குறி ஹினா. அழுதுக்கிட்டே வீட்டுக்கு வர்றா. ஆனா தான் செஞ்சது தப்பில்லைங்கிறதுல மட்டும் அசையவே மாட்டா. சின்ன வயசுல இதே மாதிரி ஒதுக்கப்பட்டு நின்ன ரே, அந்த வயசுத் தன்னையே அவ காப்பாத்திட்ட மாதிரி உணர்றான். இவளுக்கு எதாவது செஞ்சே ஆகணும். என்ன செய்யறதுன்னு பையனுக்குத் தெரியலை. ஸ்கூல் மாத்தணும்னா, வக்கீல் வைக்கணும்னா பணம் வேணுமேன்னு வெறி பிடிச்ச மாதிரி ஆடி ஜெயிக்கிறான். சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

அப்புறம் அந்த கியோட்டோ எபிசோடு. ஸ்கூல் டூர் போன ஹினா அங்கே கூட்டத்துல தனியா இருப்பாளேன்னு, ஒசாகாவுல ஒரு மேட்சை முடிச்ச கையோட ஓடுறான். ஊரெல்லாம் தேடி, காமோ நதிக்கரையில தனியா உட்கார்ந்திருக்கிறவளைக் கண்டுபிடிக்கிறான். பையில என்ன? பூவா, கிஃப்ட்டா? வயித்து வலி மாத்திரை! டென்ஷன்ல அவளுக்கு வயிறு வலிக்குதுன்னு கேள்விப்பட்டு, எது சரின்னு தெரியாம கடையில இருந்த வகை வகையா வாங்கிட்டு வந்திருக்கான். ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கத் தோணாத அதே பையன்.

சரி, பசிக்குதா? சுகுடாவுல சோயா சாஸ், சர்க்கரை போட்டு, குட்டி மீனையும் கடல்பாசியையும் சுண்டக் காய்ச்சி எடுக்கிற சுகுடானிங்கிற அயிட்டத்துக்குப் பேரே இந்த ஊர்லேர்ந்து போனதுதான். அலை அடிச்சுக் கடலுக்குப் போக முடியாத நாளுக்குன்னு மீனவங்க செஞ்சு வெச்சுக்கிட்டது. தென்யாசுன்னு 1837-லேர்ந்து இருக்கிற கடை இன்னும் நடக்குது. நேராப் போய்க் கடிச்சுப் பார்த்து, 'உப்பு, இனிப்பு ரெண்டும் தூக்கல்'னு முகம் சுளிக்காதீங்க. அது நம்ம ஊறுகாய் மாதிரி... சுடு சோத்துக்கு ஓரமா.

இன்னும் பத்து நிமிஷம் நடந்தா சுகிஷிமா. தெரு பூரா மொன்ஜா கடைங்க. சூடான இரும்புக் கல்லு மேல கோஸையும் நீர்க்கக் கரைச்ச மாவையும் கொட்டிக் கிளறி, அவங்கவங்க குட்டிக் கரண்டியால சுரண்டிச் சாப்பிடணும். பார்க்க சகிக்காது, ருசி விடாது. ஒரே கல்லை நாலு பேர் சுத்தி உட்கார்றதுதான் இதுல விசேஷம். தனியாப் போனாலும் சாப்பிடலாம், ஆனா மொன்ஜாவோட பாதி மஜா சண்டை போட்டுச் சுரண்டுறதுலதான்.

வயிறு நிறைஞ்சதும் சுகிஷிமா ஸ்டேஷன்லயே ரயில் ஏறிடலாம். யூராகுச்சோ லைனும் ஓயெடோ லைனும் அங்கே நிற்குது. ஆனா கால்ல தெம்பு இருந்தா, வந்த வழியே பாலத்துக்குத் திரும்பிப் போங்க. அகாரி மிச்ச சாப்பாட்டை டப்பாவுல போட்டுக் கையில கொடுத்து அனுப்ப, ரே நடக்கிற வழி அதுதான். இருட்டின பிறகு நதியோட அந்தப் பக்கம் ஷின்காவா கட்டடங்கள்ல வரிசையா ஜன்னல் வெளிச்சம் தெரியும். திரை போடாத ஜன்னல் எதாவது இருக்கான்னு பார்த்துக்கிட்டே நடங்க.